உணவுச் சங்கிலியும் உயிர்களின் உறவும்

புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை தின்னும். தவளையைப் பாம்பும், பாம்பைப் பருந்தும் உண்ணும். உயிர்களின் தொடர்பை மாணவர்க்கு விளக்கப் புகுவோர் முதற்கண் எடுத்தாளும் சான்று இதுவேயாம். கதிரவனின் ஆற்றல் செடியின் வாயிலாக ஏனைய உயிர்களைச் சென்றடையும் முறையை இஃது எளிதில் உணர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆயின், பாடம் இவ்வளவில் நின்றுவிடின், ஒன்றையொன்று தின்பதே உயிர்களுக்குள்ள ஒரே உறவு என்னும் பிழைபட்ட எண்ணம் இளம் உள்ளங்களில் வேரூன்றிவிடும்.

இக்குறையை நீக்கவல்ல சான்று, மலேசிய மாணவர் சுவைத்துண்ணும் டுரியான் பழத்திலேயே உள்ளது. டுரியான் மலர் மாலையில் விரியும். இரவில் தேனை நாடி வரும் குகை வௌவால், ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. அங்ஙனம் சேராவிடின் காய்ப்புக் குன்றும். ஆனால், டுரியான் பூத்திருப்பது ஆண்டில் சில வாரங்களே. எஞ்சிய நாள்களில் வௌவாலுக்கு உணவு எங்கே? கடலோரச் சதுப்புநிலத்துப் பெரெம்பாங் மரங்களும், பெத்தாய், வாழை முதலியனவும் அதற்குத் தேன் அளிக்கின்றன. பகலில் அது தங்குமிடமோ பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகள். அவ்வௌவால் இரை தேடி 30 கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து செல்லும் என்பதை 1970ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் நடந்த ஆய்வு காட்டிற்று.

ஆகவே, தோட்டத்தில் காய்க்கும் பழம் தொலைவிலுள்ள குன்றையும் கடலோரக் காட்டையும் சார்ந்து நிற்கிறது. குன்றை உடைத்துக் கல்லெடுப்பினும், சதுப்புநிலத்தை அழிப்பினும், அதன் தீங்கு தோட்டக்காரரையும் எட்டும். அம்புக்குறியிட்ட நேர்கோடு இவ்வுண்மையைக் காட்டாது. இதனை அறியாமையால், காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இதழ்களைக் கண்டு வௌவாலைப் பகையெனக் கருதுவாரும் உளர். இதழும் மகரந்தத் தாளும் ஓரிரவில் உதிர்வது அம்மலரின் இயல்பேயாம். காயாகும் சூலகம் கிளையிலேயே தங்கும்.

தமிழாசிரியர்க்கு இக்கருத்துப் புதியதன்று. மரம், விலங்கு, புள், உணவு, தொழில் ஆகியவற்றை ஒரு நிலத்தின் கருப்பொருளாக ஒருங்கு வைத்து எண்ணியது தொல்காப்பியம். எனினும், அதனையும் அட்டவணையாக்கி ஒப்பிக்கச் செய்யும் வழக்கமே வகுப்பறையில் மிகுந்துள்ளது. குறிஞ்சிக்கு மூங்கிலும் யானையும் உரியவை எனச் சொல்லும் மாணவர், அவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாதெனக் கேட்டால் விழிப்பர். அறிவியல் பாடத்தில் நேரும் குறையும் இத்தகையதே.

உயிர்களின் பெயரை வரிசைப்படுத்தச் சொல்வதோடு அமையாது, ‘இவ்வோருயிர் இல்லையாயின் எவை எவை வாடும்?’ என்று வினவுதல் வேண்டும். மாணவர் வாழும் ஊரிலிருந்தே விடை தேடச் செய்வது ஆசிரியர் கடமையாகும்.