வடக்கனந்தல் வெயிலைத் தாங்கும் நாண் சைலன்சர் எது?

வில்லின் நாணில் கட்டும் சைலன்சர் எதை வாங்கினாலும் கட்டிய அன்றைக்குச் சத்தம் குறையத்தான் செய்யும். ரப்பர், உல்லன் நூல், விலங்கு ரோமம், துணிக்கீற்று என எல்லாமே அந்த முதல் நாள் பரீட்சையில் தேறிவிடும். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் போன பிறகு நாணில் எது மிஞ்சுகிறது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது. வெளிநாட்டு விமர்சனங்கள் உறைபனியைப் பற்றி நிறையப் பேசும். நம் ஊர்ப் புழுதியும் நாயுருவியும் நாற்பது டிகிரி வெயிலும் அவற்றில் வராது. அதனால் வடக்கனந்தலில், நுனி வளைந்த, கழற்றி மாட்டக்கூடிய என்னுடைய 62 அங்குல டேக்டவுன் ரிகர்வ் வில்லில், கையில் கிடைத்த வகைகளையெல்லாம் கட்டி, கோடையையும் மழையையும் பார்க்கவிட்ட பிறகு இதை எழுதுகிறேன். வில்லின் இழுவிசை 40 பவுண்டு.

இந்த மாதிரி வில்லை 'ஹண்டிங் போ' என்ற பெயரில்தான் விற்கிறார்கள். நம் நாட்டில் அந்தப் பெயருக்கு வேலை கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 'ஆயுதம்' என்பதற்கு அது தரும் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. வேட்டையாட முயல்வதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரப் பேரூர். கோமுகி அணையைத் தாண்டினால் காப்புக்காடு வந்துவிடும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்ட செய்தி இந்த மலையிலிருந்து அடிக்கடி வருகிறது. இங்கே வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடப்பது தெரிந்தே தப்பு செய்வதாகும். என் வில் தென்னந்தோப்பை விட்டு வெளியே போவதில்லை. இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கிறது.

வேட்டை இல்லையென்றால் சத்தத்தை எதற்கு அடக்க வேண்டும்? பக்கத்துக் கொல்லைப் பெரியவர் ஒரு நாள் வரப்பில் நின்றபடி சொன்னார்: "ஏம்ப்பா, பால் கறக்கிற நேரத்துல இந்த டப்பு டப்புச் சத்தம் வேணாம்ப்பா, மாடு மிரளுது." அவர் கேட்டது நியாயம். அதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. சத்தமாக வெளியே போவது வில்லில் மிஞ்சி நிற்கும் அதிர்வு. அது முழங்கையிலும் தோளிலும் இறங்கும்; நாணின் இழைகளையும் தேய்க்கும். தினமும் எய்கிறவருக்கு மாலையில் கை வலி குறைந்தாலே போதும், சைலன்சருக்குக் கொடுத்த காசு வசூலாகிவிடும்.

இந்தப் பொருள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் தேர்வு செய்வது சுலபம். அமெரிக்காவில் உரிமம் பெற்று வில்லால் மான் வேட்டையாடுகிறார்கள். 18 மீட்டர் தொலைவில் மான் நிற்கிறது என்று வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நாணின் சத்தம் 0.05 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். ரிகர்வ் அம்பு நொடிக்கு 55 மீட்டர் போனால் அதே தூரத்துக்கு 0.33 நொடி தேவை. இடையில் கிடைக்கும் அந்தக் கால் நொடியில் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்துகிறது. அம்பு முதுகுக்கு மேலே போகிறது. நொடிக்கு 90 மீட்டர் வேகம் காட்டும், சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கும் 0.2 நொடி பிடிக்கும். ஒலியை முந்த எந்த வில்லாலும் முடியாது, ஒலியைக் குறைக்கத்தான் முடியும். அதற்காகவே அங்கே இத்தனை வகை சைலன்சர்கள் விற்கின்றன. அந்த வேட்டைக்காரருக்கு ஒரு பருவம் தாங்கினால் போதும், அடுத்த பருவத்துக்குப் புதிது வாங்கிக்கொள்வார். வருடம் முழுக்க வெயிலில் பயிற்சி செய்கிற நமக்கு அந்தக் கணக்கு உதவாது.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சத்தத்தில் ஒரு பங்கு நாண் தளர்ந்திருப்பதால் வருகிறது. பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரை உள்ள தூரத்தை பிரேஸ் ஹைட் என்கிறோம். 62 அங்குல டேக்டவுன் வில்களுக்கு இது பெரும்பாலும் 7½ முதல் 8¼ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால், அம்பு பிரியும்போது நாண் வில்லின் கையான லிம்பின் வளைந்த நுனியில் பலமாக அறைகிறது. நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு கூட்டினால் அதன் நீளம் குறையும், பிரேஸ் ஹைட் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எய்து கேளுங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று மென்மையாகும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது அம்பின் எடை. வில்லில் சேர்ந்த ஆற்றலை அம்பு எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறதோ, அதிர்வாக மிஞ்சுவது அவ்வளவு குறைவு. கனமான அம்பு அதிகம் எடுத்துப் போகும். மரபு வில்லாளிகள் 1 பவுண்டு இழுவிசைக்கு 8 முதல் 10 கிரெயின் என்று கணக்கு வைக்கிறார்கள். 40 பவுண்டு வில்லுக்கு 320 முதல் 400 கிரெயின். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 21 முதல் 26. மலிவாகக் கிடைக்கிறதென்று எடை குறைந்த அம்பை வைத்து எய்துவிட்டு, சத்தத்துக்கு சைலன்சரைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். மொத்த ஆற்றலும் வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்பை உடைத்துவிடக்கூடும். பிரேஸ் ஹைட், அம்பின் எடை இரண்டையும் சரிசெய்த பிறகும் 'டொய்ங்' என்று ஒரு ரீங்காரம் மிஞ்சும். சைலன்சரின் வேலை அதை அடக்குவது மட்டுமே.

முதலில் ரப்பர் மீசை. உலகெங்கும் பரவலாக விற்பது இது. மெல்லிய ரப்பர்த் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருப்பார்கள். நாணின் இழைகளை இரண்டாகப் பிரித்து நடுவில் நுழைத்து, இழுத்துக் கட்டி, கீற்றுகளைப் பிரித்துவிட வேண்டும். எடை மிகக் குறைவு, மழையில் நனைந்தாலும் கனக்காது. புதிதாக இருக்கும்போது இதன் அமைதி மனசுக்கு நிறைவாக இருந்தது. கோடை தொடங்கியதும் கதை மாறியது. கீற்றுகள் முதலில் பளபளப்பை இழந்தன, பிறகு விறைத்தன, பிறகு ஒவ்வொன்றாக அடியிலிருந்து உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தைக் கவனித்தால் காரணம் புரியும். இயற்கை ரப்பரை வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஓசோனும் அரிக்கின்றன. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் ஓசோன் வெடிப்பு விழும். கீற்றின் நுனி தளர்வாக ஆடுகிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கட்டு போட்ட இடம் எப்போதும் இழுபட்டே இருக்கிறது. வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சிலிக்கான் வகை இதற்கு மாற்று. வெயிலையும் ஓசோனையும் சிலிக்கான் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் கிழிபடும் வலு குறைவு. சின்ன வெட்டு விழுந்தாலும் அந்த வழியே கிழிந்துகொண்டு போகும். அம்பை எடுக்கும்போது முனை பட்டாலே போதும். அச்சில் வார்த்த தடித்த ரப்பர்த் துண்டுகளும் கிடைக்கின்றன. மெல்லிய மீசையைவிட நீண்ட காலம் வரும், ஆனால் எடை கூடுதல், அம்பின் வேகம் குறையும். சரியாகக் கட்டாவிட்டால் நாணில் மெல்ல நகர்ந்து இழைகளை உரசும். ரிகர்வ் வில்லுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ரோமப் பந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மரபு வில்லாளிகள் நீர்வாழ் விலங்கான பீவரின் தோல்கீற்றை நாணிழைகளுக்கு நடுவே சுற்றுகிறார்கள். அது நீர் ஒட்டாதது, பல வருடம் வரும். நம் ஊரில் அதைத் தேட வேண்டாம். விலங்கின் தோலும் ரோமமும் கையில் இருந்தால் எந்த விலங்குடையது, எங்கிருந்து வந்தது என்று பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டு கிராம் பொருளுக்காக அந்தச் சிக்கல் தேவையில்லை, ஒரு விலங்கின் தோலும் தேவையில்லை.

என் வில்லில் நிலைத்தது உல்லன் நூல் பந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் பின்னல் வேலைக்கு 'உல்லன்' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். உண்மையான ஆட்டுக் கம்பளி அபூர்வம். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, உடம்பெல்லாம் குட்டை மயிர்தான். மென்கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆடு வரை போக வேண்டும். எந்த நூல் என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு சாம்பலாகப் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுத்து, கெட்டியான மணியாக நிற்கும்.

நம் வெயிலுக்கு அக்ரிலிக் கிடைப்பதே நல்லது என்பது என் முடிவு. புறஊதாக் கதிரை மிக நன்றாகத் தாங்கும் இழைகளில் அது ஒன்று. வெளிநாடுகளில் கடைவாசல் பந்தல்துணியை அதில்தான் நெய்கிறார்கள். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அக்ரிலிக் இழை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பூச்சியும் அரிக்காது. மழையில் இழைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கத்தான் செய்யும். அப்போது பந்து கனத்து, அம்பு வழக்கத்தைவிடத் தாழ்வாகப் போகும். நாணை இரண்டு மூன்று முறை விரலால் தட்டி உதறினால் தண்ணீர் தெறித்துவிடும். ஆட்டுக் கம்பளி அப்படி உடனே விடாது.

நூல் பந்தின் பெரிய தொல்லை நாயுருவி. தோப்பின் ஓரத்தில் வில்லைச் சாய்த்து வைத்தால் அதன் விதை பந்து முழுக்க ஏறிக்கொள்ளும். பிடுங்கும்போது நூலும் கூட வரும். நான் இப்போது வில்லைத் தரையில் வைப்பதே இல்லை, தென்னையில் அடித்த மரக்கொக்கியில் தொங்கவிடுகிறேன். பழைய ஃபிளீஸ் போர்வையின் கீற்றும் இதே குணம் கொண்டதுதான். சத்தத்தை அடக்குவதில் நூலுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறது, ஆனால் நாயுருவி அவ்வளவாக ஏறாது. புதர் அதிகம் உள்ள இடத்தில் எய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

நூல் பந்து செய்யும் விதம் எளிது. 2 அங்குல அகல அட்டையில் நூலை இருபது முப்பது சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நாணை ஏற்றி இறக்கும் கயிறான போ ஸ்ட்ரிங்கர் கொண்டு நாணைத் தளர்த்தி, இழைகளைச் சரிபாதியாகப் பிரித்து, சுற்றின் நடுப்பகுதியை அதற்குள் வையுங்கள். மேலேயும் கீழேயும் செருப்புத் தைக்கும் மெழுகு நூலால் நெருக்கிக் கட்டுங்கள். பிறகு இரண்டு முனை வளையங்களையும் கத்தரித்துப் பிரித்தால் பந்து விரியும். எலுமிச்சம்பழ அளவுக்குக் குறைத்துக் கத்தரித்தால் போதும். நைலான் மீன்தூண்டில் நரம்பால் கட்டாதீர்கள், அது நாணிழையை அறுக்கும். பந்து உள்ளே போனதும் நாணின் நீளம் சற்றுக் குறையும், ஆகவே பிரேஸ் ஹைட்டை மறுபடி அளக்க வேண்டும்.

எங்கே கட்டுவது என்பது எதைக் கட்டுவது என்பதற்குச் சமமான கேள்வி. மேல் முனையிலிருந்து நாணின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கில் ஒன்று, கீழ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இன்னொன்று. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தால், அதிர்வலையில் அசையாமல் நிற்கும் புள்ளிகளில் இரண்டுமே உட்கார்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. அசையாத இடத்தில் கட்டிய பந்து எதையும் அடக்காது. நடுநாணை நோக்கி நகர்த்தினால் சத்தம் இன்னும் குறையும், ஆனால் அம்பின் வேகமும் சேர்ந்து குறையும். கொல்லிமலை வல்வில் ஓரி விழா போன்ற இடங்களில் போட்டிக்கு நிற்கிறவர்கள் தங்கள் பிரிவின் விதி சைலன்சரை அனுமதிக்கிறதா, எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காம்பவுண்ட் வில் வாங்கும் இளைஞர்கள் இப்போது கூடிவருகிறார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கத்தையும் இந்தியா வென்றது. அதே ஆண்டு பெர்லினில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் உலகச் சாம்பியன் ஆனார்கள். அந்த உற்சாகம் சிற்றூர்களுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அவர்களுக்கு நூல்பந்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கேம் சக்கரம் நாணை இழுக்கும் வேகத்தில் பந்து பிய்ந்துபோகும். வில்லின் பிடிக்குப் பின்னால் ஒரு கம்பியின் நுனியில் ரப்பர் மூக்கு வைத்த ஸ்ட்ரிங் ஸ்டாப் இருந்தால் அதையே நம்பலாம். அது நாணோடு சேர்ந்து பறப்பதில்லை, வேகத்தைத் தின்பதும் இல்லை. ரப்பர் மூக்குக்கும் ஓய்வில் இருக்கும் நாணுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். மூக்கு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வகையைக் கட்டினாலும் பொங்கல் முடிந்து வெயில் ஏறும் முன் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பந்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் இழைகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். புழுதி அங்கேதான் சேரும், சேர்ந்த புழுதி இழையை ராவும். மெழுகு தேய்ந்து இழை பஞ்சுபோல் பிரிந்திருந்தால் நாண் மெழுகு பூசி விரலால் சூடேறத் தேய்த்தால் சரியாகிவிடும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணையே மாற்றுங்கள். புதிய நாண் வந்ததும் பழைய பந்துகளை அதில் மாட்டாமல் புதிதாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஓர் உல்லன் உருண்டையில் பல வருடத்துக்கான நூல் இருக்கிறது.