பட்டப்படிப்பில் ஆலைப் பயிற்சி: ஒரகடமும் மொறட்டுவையும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைத் தாண்டினால் ஒரகடம். ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று ஆலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் மாணவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் விடுமுறையில் இரண்டு அல்லது நான்கு வார ‘இன்பிளான்ட் டிரெயினிங்’தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட். பாதுகாப்பு வகுப்பு, ஷூ, ஹெல்மெட், மஞ்சள் கோட்டுக்குள் நடந்து லைனைச் சுற்றிப் பார்ப்பது என்றே முதல் வாரம் ஓடிவிடும். இலங்கையில் கதை தலைகீழ். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டத்தில் கைத்தொழிற் பயிற்சி 24 வாரம். அந்தப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு தேசிய தொழினுட்ப டிப்ளோமாவிலோ ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சிதான். இத்தனைக்கும் அங்கே ஒரகடம் போன்ற வாகன ஆலைத் தொகுதி கிடையாது.

ஆக, ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் பயிற்சி அமைந்துவிடாது. பாடத்திட்டம் வகுக்கும்போதே அதற்குக் காலம் ஒதுக்க வேண்டும்; பல்கலைக்கழகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் பொறுப்பேற்க ஓர் அமைப்பும் வேண்டும். இலங்கையில் அது நைற்றா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. மாணவர் அன்றன்று செய்த வேலையைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நம்மிடமும் சட்டம் உண்டு. 1961 அப்ரண்டிஸ் சட்டம் 1973 திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. தரமணியில் அதற்கென வாரியம் இருக்கிறது. ஆனால் அந்த ஓராண்டுப் பயிற்சி, பட்டம் வாங்கிய பிறகு. ஆலையில் எழும் கேள்வியோடு வகுப்புக்குத் திரும்ப வழியில்லை. வகுப்பையும் ஆலைப் பயிற்சியையும் இணைக்கும் கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பைப் பார்த்தால், படிப்புக்கு நடுவிலேயே ஆலைக்குப் போவது தமிழ்நாடு அறியாத முறையும் அல்ல.

இத்தனை மாணவரை ஆலைகள் தாங்குமா என்பார்கள். 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பதே இங்கு விதி. எல்லாருக்கும் இடம் கிடைக்காது. ஆனால் இருக்கிற இடத்தில் ஒரு பகுதியைப் படிப்பவர்களுக்குத் திருப்பலாம். மலிவுக் கூலி ஆகிவிடும் என்ற அச்சம்தான் கனமானது. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்லர் என்று சட்டமே சொல்கிறது. பயிற்சிக் காலம் முழுவதும் ஒரே போல்ட்டை முறுக்க வைத்தால் கேட்க நாதியிருக்காது. இலங்கைக் குறிப்பேடும் கடைசி வாரத்தில் மொத்தமாக நிரப்பும் சடங்காகலாம். அதனால்தான் கையெழுத்து மட்டும் போதாது. வெளியாள் ஆலைக்கே வந்து பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் அடுத்த விதிமுறையில் ஒரு பருவம் முழுவதையும் ஆலைக்கு ஒதுக்கட்டும்; மேற்பார்வையைத் தரமணி வாரியத்திடம் கொடுக்கட்டும்.