சிரிஞ்சைக் கையில் எடுக்குமுன்

வீட்டில் முயல் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. காலையில் தீனித் தட்டையும் புழுக்கையையும் பார்ப்பார்கள். தின்றதோ புழுக்கையோ குறைந்திருந்தால் தீனியைத் தண்ணீரில் குழைத்துச் சிரிஞ்சில் ஊட்டுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் கால்நடை மருத்துவர். இந்த வழக்கத்தின் முன்பாதியை மனதாரப் போற்றுகிறேன். பின்பாதி எனக்கு அச்சம் தருகிறது.

பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி முயல். நோயை வெளியே காட்டினால் உயிர் போய்விடும் என்பது அதன் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. நாய் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால் உறைந்து உட்கார்ந்துவிடும். மருத்துவர் பார்ப்பது அந்த உறைந்த முயலைத்தான். அது இயல்பாக எப்படி இருக்கும் என்பது வளர்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

பார்ப்பவற்றுள் நான் முதலிடம் தருவது புழுக்கைக்கு. நலமாக இருக்கும் முயலின் புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, காய்ந்து இருக்கும்; விரலால் நசுக்கினால் புல் நார் உதிரும். அது சிறுத்து, கறுத்து, ஒழுங்கற்ற வடிவில் விழத் தொடங்கினால் குடல் மந்தமாகிவிட்டது என்று பொருள். சாப்பாடு அடியோடு நிற்பதற்கு முன்பே பல நேரம் இது தெரிந்துவிடும். முடியால் கோத்த மாலைபோல் வந்தால், விழுங்கிய முடிக்கு ஈடான நார் தீனியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மினுமினுப்பாக, கொத்தாக, வாடையோடு வருவது வேறு வகை. முயல் அதைத் தானே தின்றுவிடும். தின்னாமல் தரையில் கிடப்பதைப் பலர் வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உடல் பருமனோ, புல்லைக் குறைத்துக் குச்சித் தீனியைக் கூட்டியதோதான் காரணம். சிவந்த சிறுநீரும் இப்படித்தான் கலவரப்படுத்தும். உண்ட தாவரங்களின் நிறமிகளாலும் சிவக்கும். ஆனால் கருத்தடை செய்யாத, வயதான பெண் முயலிடம் கண்டால் கருப்பைக் கட்டியை நினைக்கவேண்டும்.

முகத்தைப் பார்த்து வலியை அறியும் முறையும் உண்டு. 2012இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கண் சுருங்குவது, கன்னம் ஒட்டுவது, மூக்கின் வடிவம், மீசை முடியின் நிலை, காதின் நிலை என்ற ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண். நல்ல முறைதான். ஆனால் காது தொங்கும் இனத்தில் ஒரு குறியைச் சரியாகப் படிக்க முடியாது. அரைத்தூக்கத்தில் இருக்கும் முயலும் கண்ணைச் சுருக்கும். ஆள் பார்க்கும்போது முகத்தை அடக்கிக்கொள்ளும் பிராணியிடம் புழுக்கைதான் நம்பகமான சாட்சி.

இனி சிரிஞ்சு. நார் குறைவு, பல்வலி, அச்சம், கோடை வெக்கை என எதனாலும் முயலின் குடல் இயக்கம் நிற்கலாம். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து. ஊட்டுவதில் நியாயம் இருப்பது இதனால்தான். ஆனால் முடி உருண்டை ஒன்று சிறுகுடலை அடைத்திருந்தால் கதையே வேறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் எச்சிலும் இரைப்பைச் சுரப்பும் போக வழியின்றி இரைப்பையை ஊதச்செய்யும். அதன்மேல் நாம் ஊட்டுவதும் சேர்ந்தால் இரைப்பை கிழியக்கூடும். ஒரே சிரிஞ்சு ஒரு முயலைக் காப்பாற்றும், இன்னொன்றைக் கொல்லும். இரண்டு முயலும் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்து, பல்லை உரக்க நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும். சற்றுமுன்வரை நன்றாக இருந்தது திடீரென்று சுருண்டது, வயிறு இறுகி உப்பியிருக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது என்றால் அடைப்பைச் சந்தேகிக்கவேண்டும். உறுதிசெய்ய எக்ஸ்ரே வேண்டும். இரத்தச் சர்க்கரையும் வழிகாட்டும் என்று பிரிட்டன் கால்நடை மருத்துவர் பிரான்சிஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 2012இல் வெளியான ஆய்வில் காட்டினார். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல், அதாவது நம் கணக்கில் டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமுக்கு மேல் போனால் நிலைமை கடுமை. அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டு இரத்தத்தில் முடியும் சோதனை இது. எக்ஸ்ரே இல்லாத ஊரிலும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வளர்ப்பவர்கள்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிற்றூர் மருத்துவமனையிலோ வருவது மாடும் ஆடும்தான். தமிழில் கிடைக்கும் முயல் குறிப்புகளும் பெரும்பாலும் பண்ணைக்கானவை. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையம் இறைச்சிக்கும் உரோமத்துக்கும் முயல் வளர்க்க வழிகாட்டுகிறது. பண்ணையில் நோயுற்றதைப் பிரித்து மந்தையைக் காப்பது முறை. வீட்டில் இருப்பதோ ஒற்றை முயல். மருத்துவரும் இல்லாமல் ஏட்டறிவும் இல்லாமல் மக்கள் சிரிஞ்சை எடுத்தார்கள்.

மன்னிக்கவே முடியாதது வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுப்பது. அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமி பெருகும்; சில நாளில் உயிர் போகும். நாய்க்கு உண்ணி நீக்கப் போடும் பிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னவுமில்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அடைப்பு என்ற சந்தேகம் இருந்தால் அதுவரைகூடப் பொறுக்கக்கூடாது. முயலின் உடல்வெப்பம் சுமார் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 38க்குக் கீழே போயிருந்தால் எதையும் ஊட்டாமல், வெதுவெதுப்பான துணியில் சுற்றி உடனே கிளம்பவேண்டும். சித்திரை வெயிலில் மூச்சு இரைத்துக் கிடந்தால் நேர்மாறாகச் செய்யவேண்டும்: நிழலுக்கு மாற்றி, காதை ஈரத்துணியால் துடைக்கவேண்டும், தண்ணீரில் முக்கக்கூடாது. கடைசியாகத் தின்ற நேரம், கடைசியாகப் போட்ட புழுக்கை ஒரு தாளில், வீட்டுத் தரையில் அது உட்கார்ந்திருந்த விதம் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளியாக — இந்த மூன்றையும் எடுத்துப்போனால் மேசைமேல் தெரியாததும் மருத்துவருக்குத் தெரியும்.