மதிப்பெண் போட்டவர்கள்: தொண்ணூறுகளின் தொடக்கத்து வீடியோ கேம் இதழ்கள்

1991 வாக்கில் ஒரு வீடியோ கேம் இதழின் அலுவலகத்துக்குப் போனால், வெளிச்சம் புகாதபடி மூடிய ஓர் அறையோ மூலையோ கட்டாயம் இருக்கும். உள்ளே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, எதிரே முக்காலியில் கேமரா. ஒருவர் ஆட, இன்னொருவர் படமெடுப்பார். ஆள் பற்றாத இடத்தில் ஒருவரே இரண்டையும் செய்வார். படக்குழாய்த் திரையில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக விழுவதால், ஷட்டர் சட்டென்று மூடினால் பாதித் திரை இருண்டு போகும். மெல்ல மூடினால் ஓடுகிற வீரன் புகைமூட்டமாகத் தெரிவான். ஆட்டத்தை நிறுத்தி வைத்துப் படமெடுக்கலாம் என்றால், சில ஆட்டங்களில் ‘பாஸ்’ என்ற எழுத்து திரையின் நட்டநடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிலிமைக் கழுவி வந்த பிறகுதான் எது தேறியது என்று தெரியும். ஒரு கட்டத்தின் முழு வரைபடம் வேண்டுமென்றால் திரை திரையாகப் படமெடுத்து, வெட்டி, ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும்.

இப்படி உருவான பக்கங்கள் யார் கைக்குப் போயின? பிரிட்டனில் சூப்பர் நின்டெண்டோவுக்கான கேட்ரிட்ஜ் ஒன்றின் விலை 40 பவுண்டும் அதற்கு மேலும். இதழோ ஏறக்குறைய 2 பவுண்டு. பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமசுக்கு ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் கிடைத்த பிள்ளைக்கு, இதழ் மாதந்தோறும் பத்திருபது ஆட்டங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தப் பிள்ளை கையால் ஆடவே இல்லை, கண்ணால் படித்ததோடு சரி. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்க்காத படத்தை மனத்துக்குள் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆடிப் பார்க்க வழியில்லாதவன் அச்சில் வந்ததை நம்பித்தான் ஆக வேண்டும். ஆகவே அந்தக் கால இதழ்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே கேள்வி நின்றது: நீ யார் பக்கம்? ஆட்டத்தைத் தயாரிப்பவன் பக்கமா, விளம்பரம் தருபவன் பக்கமா, காசு கொடுத்து வாங்கும் சிறுவன் பக்கமா? அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் இதழ்கள் இதற்கு வெவ்வேறு விடைகள் கண்டன. 1988க்கும் 1996க்கும் இடையிலான அந்த விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

கம்பெனியின் குரல்

முதல் விடையில் ஒளிவுமறைவு கிடையாது. அமெரிக்க நின்டெண்டோ நிறுவனமே 1988 ஜூலை-ஆகஸ்டில் ‘நின்டெண்டோ பவர்’ இதழைத் தொடங்கியது. அதற்கு முன் ‘ஃபன் கிளப்’ உறுப்பினர்களுக்கு அனுப்பிவந்த செய்திமடலின் வளர்ச்சி அது. முதல் அட்டையில் களிமண்ணில் செய்த மாரியோ. சிறுவர்களையே கூப்பிட்டுப் பேசிய ஒரு துறையில், அந்த இதழை உருவாக்கி நடத்தியவர் கெயில் டில்டன் என்ற பெண் என்பது தனியே சொல்ல வேண்டிய செய்தி.

தொடக்க ஆண்டுகளில் அதில் வெளி விளம்பரம் இல்லை. தேவையும் இல்லை. அட்டை முதல் அட்டை வரை எல்லாமே ஒரே கடையின் சரக்கு. 1990இல் சந்தா கட்டியவர்களுக்கு ‘டிராகன் வாரியர்’ கேட்ரிட்ஜையே இலவசமாக அனுப்பினார்கள். ஜப்பானில் பெருவெற்றி பெற்ற அந்த ஆட்டம் அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. கிடங்கில் கிடந்த சரக்கு தீர்ந்தது, சந்தாவும் ஏறியது, பாத்திரமேற்று நடத்தும் ஆட்ட வகைக்கு ஒரு புதுத் தலைமுறையும் பழகிக்கொண்டது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

இதை விளம்பரப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் வரைபடங்களும் வழிகாட்டிப் பக்கங்களும் போட்டி இதழ்கள் நெருங்க முடியாத தரத்தில் இருந்தன. தயாரித்தவனே வழி சொல்லும்போது வழி தப்பாது. எந்தச் சுவருக்குப் பின்னால் புதையல் என்பதில் அது பொய் சொன்னதில்லை. எந்த ஆட்டத்தை வாங்காதே என்பதை மட்டும் அது உரக்கச் சொன்னதில்லை.

நால்வர் தீர்ப்பு

இரண்டாவது விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1986இல் தொடங்கி 1991இல் வார இதழான ‘ஃபாமிகாம் சூஷின்’, பின்னாளில் சுருக்கமாக ‘ஃபாமிட்சு’, ஒரு ஆட்டத்தை நால்வரிடம் கொடுத்தது. ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. விமர்சனம் சில வரிகளில் முடிந்துவிடும். ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்காமல் போவதை மறைக்காமல் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுவதுதான் அந்த முறையின் அழகு. நாற்பதுக்கு நாற்பது என்ற முழு மதிப்பெண்ணை முதலில் வாங்கியது 1998இல் வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

1989இல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ‘எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’யும் நால்வர் குழுவையே நியமித்தது. ஆனால் அமெரிக்க ரசனைக்கேற்ப அது முகமூடியும் மாட்டிக்கொண்டது. நால்வரில் ஒருவர் ‘சூஷி-எக்ஸ்’ என்ற நிஞ்சா. வதந்திப் பக்கத்துக்கு ‘குவார்ட்டர்மேன்’. அதே ஆண்டில் வந்த ‘கேம்புரோ’ இன்னும் ஒரு படி மேலே போய், விமர்சகர்கள் எல்லோரையும் கேலிச்சித்திரப் பாத்திரங்களாக்கி, எண்ணோடு முகபாவத்தையும் மதிப்பெண்ணாகப் போட்டது. இந்த முகமூடியில் ஒரு வசதி உண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போனாலும் பாத்திரம் போகாது. அதே வசதியில் ஒரு குறையும் உண்டு. முகமூடியின் ரசனையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ‘இவருக்குப் பிடித்தால் எனக்கும் பிடிக்கும்’ என்று வாசகன் ஒரு முடிவுக்கு வர முடியாது.

பிரிட்டன்: ஆளைத் தெரிந்த விமர்சனம்

அந்த முடிவுக்கு வர உதவியவை பிரிட்டிஷ் இதழ்கள். அதன் வேர் எண்பதுகளில், லட்லோ என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே இயங்கிய நியூஸ்ஃபீல்டு நிறுவனம் ‘கிராஷ்’, ‘சாப்!64’ இதழ்களை வெளியிட்டது. அட்டைகளை வரைந்தவர் ஓவியர் ஆலிவர் ஃப்ரே. ‘சாப்!64’ தன் விமர்சகர்களின் தலையைச் சித்திரமாக வரைந்து, அவரவர் தீர்ப்புக்கேற்ற முகபாவத்தோடு அச்சிட்டது. அதில் எழுத ஜூலியன் ரிக்னலைச் சேர்த்துக்கொண்ட காரணம் எழுத்து அல்ல, ஆர்கேட் ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள். ஆடத் தெரிந்தவனை எழுத வைக்கலாம், எழுதத் தெரிந்தவனை ஆட வைக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. நியூஸ்ஃபீல்டு 1991இல் நொடித்துப்போனது. அதற்குள் ரிக்னல் லண்டனுக்குப் போய், 1990 அக்டோபரில் ‘மீன் மெஷீன்ஸ்’ இதழைத் தொடங்கியிருந்தார். கன்சோல் ஆட்டங்களுக்கு மட்டுமேயான அந்த இதழில் எழுதுபவர்கள் வாசகனோடு தோளில் கைபோட்டுப் பேசினார்கள்.

பாத் நகரத்து ஃபியூச்சர் நிறுவனம் இதே மரபை வேறு திசைக்குக் கொண்டுபோனது. மேட் பீல்பியை முதல் ஆசிரியராகக் கொண்டு அமிகா கணினியின் ஆட்டங்களுக்கென 1991 மே மாதம் வந்த ‘அமிகா பவர்’ எழுப்பிய வாதம் எளிமையானது: நூறு வரை அளவுகோல் இருக்கும்போது எழுபதுக்குக் கீழே ஏன் யாரும் இறங்குவதில்லை? அப்போதைய வழக்கப்படி சுமாரான ஆட்டம் 70% வாங்கியது, மோசமானது 60% வாங்கியது. ‘அமிகா பவர்’ சராசரி என்றால் 50% என்று வைத்தது.

எண்ணுக்கு மரியாதை கிடைப்பது கஞ்சத்தனத்தால்தான். ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 இன்றும் பேசப்படுகிறது என்றால், மற்ற நல்ல படங்களே நாற்பதுகளில் நின்றுவிட்டதுதான் காரணம். ‘அமிகா பவ’ரின் கஞ்சத்தனத்துக்கு விலை இருந்தது. தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். 1994இல் ஆரவார விளம்பரத்தோடு வந்த ‘ரைஸ் ஆஃப் தி ரோபோட்ஸ்’ ஆட்டத்தைச் சில இதழ்கள் தூக்கி வைத்துப் பாராட்டியபோது, இது ஒற்றை இலக்க மதிப்பெண் போட்டது. அந்த ஆட்டத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் வைத்திருப்பது எதற்காக என்று பார்த்தால், யார் சொன்னது சரி என்று தெரியும். 65 இதழ்களோடு 1996 செப்டம்பரில் ‘அமிகா பவர்’ நின்றது. அதைக் கொன்றது கறார்த்தனம் அல்ல, அமிகா கணினிக்கே ஆயுள் முடிந்துவிட்டிருந்தது.

அதே நிறுவனத்திலிருந்து இன்னும் இரண்டு இதழ்கள். சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவம் 1990 நவம்பரில் விற்பனைக்கு வர, பிரிட்டனுக்கு அது வந்து சேர 1992 ஏப்ரல் ஆனது. வந்தபோதும், அங்குள்ள தொலைக்காட்சி முறையால் பல ஆட்டங்கள் மெதுவாக ஓடின, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. இந்த ஏக்கத்தில் பிறந்தது 1992இல் வந்த ‘சூப்பர் பிளே’. வில் ஓவர்டன் அனிமே பாணியில் வரைந்த அட்டைகளோடு அது ஜப்பானிய ஆட்டங்களை மட்டுமல்ல, அவை பிறந்த சித்திரக்கதை உலகத்தையும் சேர்த்தே அறிமுகப்படுத்தியது. அடுத்தது 1993 அக்டோபரில் வந்த ‘எட்ஜ்’. அதில் சிரிப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. ‘டூம்’ ஆட்டத்துக்குப் பத்துக்கு ஏழு போட்டு, அங்கு வரும் பூதங்களைச் சுடுவதோடு நில்லாமல் அவற்றோடு பேசவும் முடிந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டது. பல ஆண்டுகள் அதை வைத்தே கேலி செய்தார்கள். பின்னால் எதிரிகளிடம் பேசித் தப்பிக்க விடும் ஆட்டங்கள் வந்து புகழ்பெற்றபோது, அந்தக் கேள்வி அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை.

ரகசியமும் புளுகும்

விமர்சனத்தைவிட வாசகன் முதலில் புரட்டிய பக்கம் ரகசியங்களின் பக்கம். பொத்தான்களை எந்த வரிசையில் அமுக்கினால் என்ன கிடைக்கும் என்ற பட்டியல் அது. 1993 செப்டம்பரில் ‘மார்ட்டல் காம்பாட்’ வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நின்டெண்டோ பதிப்பில் இரத்தத்தை வியர்வையாக்கிவிட்டார்கள். போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பில் இரத்தம் ஒளிந்திருந்தது. ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அமுக்கினால் வெளியே வந்தது. அந்த ஏழு எழுத்துகளை இதழ்கள் அச்சிட்டன, பள்ளிக்கூடங்கள் பரப்பின. அந்த டிசம்பரில் அமெரிக்க செனட் சபை வீடியோ கேம் வன்முறையை விசாரிக்க உட்கார்ந்தது.

இந்தப் பக்கத்துக்கு இருந்த செல்வாக்கை ‘எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ 1992 ஏப்ரலில் சோதித்துப் பார்த்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில் ரியூ ஜெயித்ததும் பேசும் வசனத்தில் ‘ஷெங் லாங்’ என்றொரு பெயர் வரும். அது ஆள் பெயரே அல்ல. ‘ஷோர்யூகென்’ என்ற குத்தைக் குறிக்கும் எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்த மொழிபெயர்ப்பாளரின் கைவரிசை. இதழ் அந்தப் பிழைக்கு உயிர் கொடுத்தது. ரியூவாக ஆடி, ஓர் அடியும் வாங்காமல் கடைசி எதிரியான எம். பைசனை அடைந்து, அவனிடமும் அடி வாங்காமல், அவனையும் அடிக்காமல், சுற்றுக்குப் பின் சுற்றாகச் சமன் செய்துகொண்டே இருந்தால் ஷெங் லாங் என்ற கிழட்டு ஆசான் குதித்து வந்து பைசனைத் தூக்கி எறிவாராம். படமும் போட்டிருந்தார்கள். முட்டாள்கள் தினக் குறும்புக்கான தடயங்களும் அதில் இருந்தன. கண்டவர் சிலரே. வேறு நாட்டு இதழ்கள் சில உண்மையென்றே எடுத்துப் போட்டன. ஆண்டுக் கடைசியில்தான் குட்டு வெளிவந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1994இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் அதைத் தயாரித்த காப்காம் நிறுவனம் ஒரு மறைவு வீரனை வைத்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் அகூமா பாய்ந்து வந்து பைசனை வீழ்த்திவிட்டு நம்மோடு மோதுவான். அச்சில் பிறந்த புளுகு ஆட்டத்துக்குள் குடியேறிவிட்டது.

எண் மட்டும் மிஞ்சியது

1995 முதல் இணையத்தில் வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும், ரகசியப் பக்கத்துக்குக் காசு கொடுப்பார் இல்லாமல் போனது. அசையும் படத்தை வீட்டிலேயே பார்க்க முடிந்தபோது இருட்டறைப் புகைப்படத்துக்கும் வேலையில்லை. அச்சு ‘கேம்புரோ’ 2011இல் நின்றது. ‘நின்டெண்டோ பவர்’ 2012 டிசம்பரில், முதல் அட்டையை நினைவூட்டும் களிமண் மாரியோவோடு விடைபெற்றது. 2001இல் வந்த மெட்டாகிரிட்டிக் எல்லோருடைய எண்களையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாக்கியது. ஐம்பதைச் சராசரி என்றவரும் எழுபதைச் சராசரி என்றவரும் அதில் ஒரே தராசில் ஏறினார்கள். யார் போட்டது என்பது போய், எவ்வளவு என்பது மட்டும் நின்றது.

அந்த இதழ்களைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. பல பக்கங்கள் இன்று கூச வைக்கும். எழுதியவர்களும் யாருக்காக எழுதினார்களோ அவர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஆண்பிள்ளைகள், நகைச்சுவையும் அந்த வயதுக்குரியதே. ஆனாலும் நம்பிக்கை என்ற சரக்கைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களில் எனக்கு மிகப் பிடித்தது, இங்கே அதிகம் பேசாத ஒரு ஜப்பானிய இதழ். டோகுமா ஷோட்டன் 1985இல் தொடங்கிய ‘ஃபாமிமாகா’. அதுவும் ரகசியங்களைப் பட்டியல் போட்டது. ஆனால் பட்டியலில் ஒன்றைப் பொய்யாகவே எழுதி, அதை முன்கூட்டியே சொல்லியும் விட்டது. எது பொய் என்று கண்டுபிடிப்பது வாசகனின் வேலை. அதற்கு ஒரே வழி, இதழை மடித்து வைத்துவிட்டு, கருவியைப் போட்டு, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது.