மாயாவியா, ஸ்பைடரா?

இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் ஜெயிப்பது? 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் மாயாவியோடுதான் தொடங்கியது. 1984-ல் பிறந்த லயன் காமிக்ஸ் ஸ்பைடரைக் கொண்டுவந்தது. இருவருக்கும் தாய்நாடு இங்கிலாந்து. மோதவிட்டது நம் பையன்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்த வழக்கைக் கேட்க வேண்டும்.

"மாயாவி கண்ணுக்கே தெரிய மாட்டாரு. வலையை எங்கடா வீசுவான்?"

"இரும்புக்கை தெரியும்ல? அதைப் பார்த்து வீசுவான்."

உடம்பில் கரன்ட் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார். அந்த வலது கை மட்டும் மறையாது.

"சரி, சண்டையைக் கல்வராயன் மலையில வை. கரியாலூர் தாண்டிக் காட்டுக்குள்ள கரன்டுக்கு எங்க போவாரு?"

இதில் மாயாவி கட்சி ஆடிப்போகும். மின்னல் இருக்கிறதே என்று ஒருவன் மழைக்காலத்துக்கு வாய்தா கேட்பான். கதையில் இல்லாத சக்தியை யாரும் இட்டுக்கட்டக் கூடாது, புத்தகத்தில் காட்ட வேண்டும். அந்தக் கறார்தான் எனக்கு உயிர். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று தெரிந்தவனுக்குத் தனி மரியாதை.

என் ஓட்டு மாயாவிக்குத்தான். கதையில் அவர் வேலை பார்க்கும் உளவு அமைப்பான நிழற்படை அவர் இரும்பு விரலுக்குள்ளேயே துப்பாக்கி வைத்துக் கொடுத்திருக்கிறது. அதைச் சுட மறைய வேண்டியதில்லை.