விளக்கம் சொல்லாத ஆறுதல்

காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். எகிப்தியப் பாலைவனத்தில் தனிக்குடிலில் இருக்கும் துறவிக்குப் பொழுது நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டதாகத் தோன்றும். வாசலுக்கு வந்து சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். இந்த இடமே சரியில்லை, கூட இருப்பவர்களிடம் அன்பு வற்றிவிட்டது, வேறு எங்காவது போனால் ஜெபம் கைகூடும் என்று மனம் சொல்லும். இதை எழுதி வைத்தவர் 399இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அலுவலக நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியில் வேறு வேலை தேடுகிறவருக்கு இந்த நோயை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எவாகிரியுஸ் கான்ஸ்டான்டிநோபிளில் திருச்சபைப் பொறுப்பில் உயர்ந்து வந்தவர். மணமான ஒரு பெண்ணிடம் மனம் சிக்கியதால் ஊரைவிட்டே ஓடினார். சோதனை என்றால் என்னவென்று அவருக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களைத் தொகுத்து ஒரு கையேடு செய்தார். ஏறக்குறைய ஐந்நூறு பதில்கள். பிற்காலத்தில் ஏழு தலையான பாவங்கள் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யப்பட்ட பட்டியல் இந்த எட்டிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அவர் கையில் அது குற்றப்பட்டியலாக இருக்கவில்லை. பண ஆசையைப் பற்றி அவர் எழுதுவதைப் பாருங்கள்: முதுமை நீளும், கை உழைக்காது, பஞ்சம் வரும், நோய் வரும், பிறரிடம் கையேந்தும் வெட்கம் வரும் என்றுதான் அந்த எண்ணம் உள்ளே நுழையுமாம். பேராசை என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுவதன் அடியில் பயம் இருப்பதை அவர் கண்டிருந்தார். சோர்வுக்கு அவர் சொன்ன வழி இன்னும் நுட்பமானது. ஆத்துமாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மறுபாதிக்கு ஆறுதல் சொல்ல வைக்க வேண்டும். அதற்குச் சங்கீதக்காரனின் சொற்களைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

விசுவாசத்தை அன்றாடப் போராட்டத்துக்குப் பயன்படுத்துவது என்ற துறை இப்படித்தான் தொடங்கியது. அதன் நீண்ட வரலாற்றில் எனக்குத் தெரிவது இது: துன்பத்துக்குக் காரணம் சொல்லப் புறப்பட்டவர்களின் முறைகள் மங்கிப்போயின, துன்பப்பட்டவரே அடுத்தவருக்குத் துணையாக அமர்ந்த இடங்களில் உண்டானவை நின்றன. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். யோபு நூலின் முடிவில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார்.

லூத்தரை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். கோட்பாட்டுச் சண்டைக்காரராகவே அறியப்படும் அவர், மனச்சோர்வில் வாடியவர்களுக்கு எழுதிய கடிதங்களில் வேறு மனிதர். 1530இல் ஜெரோம் வெல்லருக்கு எழுதியதில், தனியாக இருக்காதே, ஆட்களைத் தேடிப் போ, கொஞ்சம் கூடவே குடி, கேலி பேசிச் சிரி என்கிறார். நம் ஊர்ப் பிரசங்க மேடையில் வாசிக்க முடியாத கடிதம்! அதே காலத்தவரான, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. அதிலுள்ள ஒரு விதி வாழ்க்கைக்கு நேராக உதவுவது: மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. ராஜினாமாக் கடிதமும் விவாகரத்து நோட்டீசும் எந்த மனநிலையில் எழுதப்படுகின்றன என்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இருபதாம் நூற்றாண்டில் மனநல மருத்துவம் வளர்ந்தபோது திருச்சபை கொஞ்சம் திகைத்து நின்றது. வழி திறந்தவர்களில் ஆன்டன் பாய்சன் முக்கியமானவர். அமெரிக்கப் போதகரான அவர் 1920இல் மனம் சிதைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மீண்டு வந்து, 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்கள் சிலரை அழைத்துப் போனார். புத்தகங்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் உயிருள்ள ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று குருமாணவர்களை மருத்துவமனைக்கு அனுப்பித் தரும் பயிற்சியின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்த நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்பு எந்தக் குருமடத்திலும் நடக்கவில்லை. 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ஒரு ஓட்டலில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். தொழில் பேச்சு முறிந்திருந்தது, பக்கத்தில் மதுக்கூடம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொரு குடிகாரரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தோன்றி, உள்ளூர்ப் போதகர் ஒருவருக்கு ஃபோன் செய்தார். அந்தத் தொடர்பு அவரைக் குடியில் சீரழிந்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தின் முன் கொண்டுபோய் உட்கார வைத்தது. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படிப் பிறந்தது. பாவத்தை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுதல், தீங்கு செய்தவர்களைத் தேடிப்போய் ஈடு செய்தல், காலையில் அமைதியாக அமர்தல் ஆகிய அதன் பழக்கங்கள் எல்லாம், லூத்தரன் போதகரான ஃபிராங்க் புக்மேன் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழுவிடமிருந்து வந்தவை. 1939இல் வெளியான நூலில் அதன் பன்னிரண்டு படிகள் அச்சேறியபோது, கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்று ஒரு தளர்வு சேர்ந்தது. கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிட்டார்களே என்று வருந்திய பக்தர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே வந்த பிறகுதான், அறிக்கையிடுதல் என்ற பழைய கிறிஸ்தவப் பழக்கம் இந்த அளவு மனிதர்களைத் தூக்கி நிறுத்தியது. கேட்பவரும் தவறியவர், சொல்பவரும் தவறியவர். அங்கே யாருக்கும் மேடை இல்லை.

லண்டனில் நடந்தது இதற்கு இணையானது. ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா, இளம் குருவாக இருந்தபோது பதினாலு வயதுப் பெண் ஒருத்தியை அடக்கம் செய்தார். முதல் மாதவிடாயைப் பால்வினை நோய் என்று நினைத்துத் தற்கொலை செய்துகொண்டவள் அவள். கேட்க ஒரு ஆள் இல்லாததால் போன உயிர். 1953 நவம்பரில், புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் தொலைபேசி ஒன்றை வைத்து, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவருக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கத் தன்னார்வலர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் பேசிய பிறகு பலருக்குக் குருவைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போனது. வாரா அதைக் கண்டுகொண்டதோடு நிற்காமல், மறு ஆண்டே வேலையை அந்தத் தேநீர்க்காரர்களிடம் ஒப்படைத்தார். தன்னார்வலர் எவரும் தம் மதத்தைப் பேசக்கூடாது என்ற விதியும் வந்தது. குரு ஒருவர் தொடங்கிய அமைப்பில் பிரசங்கத்துக்குத் தடை! சமாரியர்கள் என்று பத்திரிகை சூட்டிய பெயர் நிலைத்தது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா இதே மரபில் வருவது. அங்கே கூப்பிடுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பது யாருக்கும் பொருட்டில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1970இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் எழுதிய நூல், ஆலோசனைக்கு வேதமே போதும், மனநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பாவத்தின் விளைவு என்று வாதிட்டது. உடலில் வேர்கொண்ட நோய்களுக்கு அவர் விலக்குத் தந்தார். அவர் வழி வந்தவர்கள் பலரிடம் அந்த நிதானம் இருக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் மறுபடி வாய் திறந்த கணம் அது.

தமிழ்ச் சபைகளில் இந்த இரண்டு போக்குகளும் அருகருகே இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது முதல், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை தருகிறது. மேல்நாட்டு மனநல மருத்துவமனைகள் உறவினர்களை வாசலோடு நிறுத்திய காலத்தில் வேலூர் அவர்களை உள்ளே அழைத்தது. அதே மாவட்டத்தில் உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, விசுவாசம் குறையும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெபம் அவர்களைக் கெடுக்கவில்லை. ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுதான் கெடுத்தது.

நம் வழிபாட்டில் எனக்கு நெடுநாளாக உறுத்துவது சாட்சி நேரம். வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், கடன் தீர்ந்தவர், குடியை விட்டவர் எழுந்து சொல்கிறார்கள், அல்லேலூயா ஒலிக்கிறது. எல்லாம் முடிந்த கதைகள். வேலை கிடைக்காதவர், கட்டி கரையாதவர், ஆறு மாதம் நிறுத்திவிட்டு நேற்று மறுபடி குடித்தவர் எங்கே எழுந்து நிற்பார்? புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த வசனம் எடுக்கிறோம்; அந்தச் சீட்டுகளில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை அச்சிட யாருக்கும் மனம் வராது. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, நன்றி சொல்லாமல். இருந்தாலும் வேதத்தில் இருக்கிறது. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமே. வேளாங்கண்ணிக்கு மண்டியிட்டு நகர்கிறவர்களும், நவநாளில் காகிதத்தில் மன்றாட்டு எழுதிப் போடுகிறவர்களும் இந்தப் புலம்பல் மரபை நம் மேடைகளைவிட நன்றாகக் காப்பாற்றுகிறார்கள் என்பேன்.

இன்னொரு சிக்கலையும் இந்தத் துறை சரியாகத் தொடவில்லை. போராட்டம் எல்லாமே தனிப்பட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியையும் வசதி வாழ்வையும் கண்டு, வேலையும் துணையும் இல்லாமல் வெளியேறிய தலித் பெண்ணின் வாக்குமூலம் அது. அவரிடம் போய், உங்கள் மனச்சோர்வுக்கு எந்த வசனம் வேண்டும் என்று கேட்க முடியுமா? மன்னிக்கப் பழகுங்கள், பொறுமை வேண்டும், சிலுவையைச் சுமந்துகொள்ளுங்கள் என்று ஆலோசகர் சொல்லும் ஒவ்வொன்றும், சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் பங்கில் வேறு அர்த்தம் கொள்ளும். பாமா கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. அநீதியோடு மோதிய இயேசுவை எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆற்றுப்படுத்துநரின் அறையில் பதில் கிடைக்காது. பங்குப் பேரவையும் ஆயர் இல்லமும் சொல்ல வேண்டிய பதில் அது.