அந்தச் செவுரு இன்னா கலவை?

‘கைதி’ படத்தின் கடைசிப் பகுதியை மூன்றாவது தடவையாக ஜமுனாமரத்தூரில், மாமா வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். டில்லி அந்தச் சுழல் துப்பாக்கியைத் தூக்கிப் பூட்டி அழுத்த ஆரம்பித்ததும் மாமா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

“அந்தச் செவுரு இன்னா கலவை மாப்ள?”

மாமா ஹாலோ பிளாக் அறுக்கிறவர். ஜவ்வாது மலையில் மண் சுவர் போய் சிமெண்ட் கல் வந்த காலத்தின் ஆள். கிரஷர் பவுடர், சிப்ஸ், சிமெண்ட், ஏழு நாள் தண்ணி: உலகத்தை அவர் இப்படித்தான் பார்ப்பார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “கல்லுல நடுவுல காலியா இருக்கும்யா. ஓரம் ஒரு இஞ்சு, ஒன்னேகால் இஞ்சு. சுத்தியால நாலு போடு போட்டா உள்ள போயிரும். இவன் இன்னாடான்னா…”

அன்றிலிருந்து துப்பாக்கி வரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் சுவரைத்தான் பார்க்கிறேன். இது ஒரு விமர்சன முறையாகத் தேறுமா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு இதைவிட நேர்மையான முறை கிடைக்கவில்லை.

கொஞ்சம் கணக்கு. கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம் எடை, வினாடிக்கு 350 மீட்டரை ஒட்டிய வேகம், அதாவது 500 ஜூல் ஆற்றல். எஸ்.எல்.ஆர். ரக ரைஃபிளின் 7.62 குண்டு எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்றிரண்டு கிராம் கூடுதல். ஆனால் வேகம் 800 மீட்டருக்கு மேல். ஆற்றலோ ஆறு மடங்குக்கும் மேல், ஏனென்றால் வேகம் வர்க்கமாகக் கணக்கில் ஏறும். முதல் குண்டு ஹாலோ பிளாக்கின் முன் ஓட்டை உடைத்துப் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். இரண்டாவது குண்டுக்கு அந்தக் கல் ஒரு தடையே இல்லை. அதே இடத்தில் நாலைந்து பட்டால் கல்லே இருக்காது. ‘கைதி’யில் வருகிற ரகத் துப்பாக்கி நிமிஷத்துக்கு 2000-க்கும் மேல் இந்தக் குண்டுகளைத் துப்பக்கூடியது.

இன்னொன்றும் உண்டு, எந்தப் படமும் காட்டாதது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. குண்டு முன்பக்கம் மோதும்போது கிளம்பும் அதிர்ச்சி அலை சுவரின் முதுகுவரை போய்த் திரும்பும். திரும்பும்போது இழுப்பாக மாறும். சுவரின் பின்பக்கம் பொருக்குப் பொருக்காகப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். குண்டு இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பதுங்கியிருப்பவனுடைய கண்ணில் அவன் நம்பிய சுவரே வந்து அடிக்கும்.

தமிழ் சினிமாவில் சுவர் அப்படிச் செய்வதில்லை. கேமரா யார் முதுகுக்குப் பின்னால் நிற்கிறதோ அவருக்கு அது விசுவாசமாக இருக்கும். நாயகன் ஒளிந்தால் தகரப் பீப்பாய்கூட மலையாகிவிடும். அடியாள் ஒளிந்தால் கோட்டைச் சுவரும் அப்பளம். “படம்தானே, இயற்பியல் பரீட்சையா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் மார்க் போட வரவில்லை. குண்டு பட்டு எது உடைகிறது, எது உடைவதில்லை என்பதில் அந்தப் படத்துக்கு யார் முக்கியம் என்பது வெளியே வந்துவிடுகிறது. அவ்வளவுதான் என் கட்சி.

‘விடுதலை’ முதல் பாகத்தை (2023) இந்த இடத்தில் கொஞ்சம் மெச்சலாம். குமரேசன் துப்பாக்கி பிடித்து ஓடும்போது அவன் பயம் நம்மேல் ஒட்டுகிறது. சுடுவது அங்கே ஒரு திறமை இல்லை, ஒரு குளறுபடி. அதே ஆண்டு வந்த ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ வேறு வழியில் போகிறது. மலைமக்கள் சுடப்படும் கடைசிப் பகுதியில் அவர்களுக்குச் சுவரே கிடையாது. அந்தப் படத்தில் எனக்கு ஆயிரம் பிணக்கு உண்டு. அந்த வெட்டவெளியில் பிணக்கு இல்லை.

‘புஷ்பா’ (2021) பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் மலையில் அது வெறும் தெலுங்கு டப்பிங் படம் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் பலர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில். கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். கிட்டத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆறு வருடம் கழித்து அதே செம்மரம், அதே காடு, கூலியாக ஆரம்பித்து முதலாளியாகும் ஒருவனின் கதையாகத் திரைக்கு வந்தது. தியேட்டரில் விசில். நானும் அடித்தேன், மறைக்க மாட்டேன். இடைவேளையில் வெளியே வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் படத்தில் மரம் வெட்டுகிறவர்கள் கூட்டம். ஒருவனுக்கு மட்டும்தான் பெயர். குண்டு அவனை அறியும், மற்றவர்களை அறியாது.

இங்கே துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்து, ஈயக் குண்டு, கிடைக்காவிட்டால் பால்ரஸ். பன்றிக்கு, முயலுக்கு. ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கிட்டித்து முடிக்கிறதுக்குள் காடே காலியாகிவிடும். உருண்டைக் குண்டு காற்றிலேயே வேகம் இழந்துவிடும்; சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி போடும், துளைக்காது. ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அறிவிக்கும்போதெல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். இந்தத் துப்பாக்கியின் மெதுவான நேரத்தை, புகையை, ஒரு குண்டுக்குப் பிறகு வரும் அந்த நீண்ட கையறு நிலையை வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

மலை இறங்கினால் செங்கம். அந்தப் பக்கத்து நடுகற்களைத் தொகுத்து தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ஒரு நூலே போட்டது. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு வைத்த கற்கள். அவற்றில் சிலதில் வீரன் உடம்பில் அம்பு தைத்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எத்தனை அம்பு, எங்கே நுழைந்தது, எல்லாம் செதுக்கியிருக்கும். பெயர், ஊர், யாருடைய சேவகன், எந்த அரசன் காலம் என்று எழுதியும் வைத்திருப்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தச் சிற்பிக்கு ஆயுதம் எங்கே பட்டது என்பது ஒரு தகவல். விட்டுவிடக் கூடாத தகவல்.

போன மாதம் போயிருந்தபோது மாமா புதுக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். ‘கேப்டன் மில்லர்’ பார்த்தாச்சா என்று கேட்டேன். “பாதி பார்த்தன். அதுல எல்லாரும் சுடறான், எவனும் வீடு கட்டல” என்றார். பிறகு, தண்ணிக் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாவது வரிசைக்கு இன்னும் நனையவில்லை என்றார்.